த்ரில் என்றால் ஓட்டை: ஒரு சொல்வரலாற்று அகராதியோடு மூன்று மாதம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பதினொரு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன், எல்லாரும் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் ஐந்து சொற்களைக் கொடுத்து வசனம் அமைக்கச் சொன்னேன். அதில் ஒன்று 'த்ரில்'. அமிர்தகழியிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு பிள்ளை, வகுப்பிலேயே கவனமாக எழுதுகிறவள், இப்படி எழுதியிருந்தாள்: 1971ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு த்ரில் நடந்தது.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து, புத்தகப் பையிலிருந்து ஒரு கையடக்க அகராதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். 'த்ரில்: கிளர்ச்சி' என்று ஒரே ஒரு சொல். வேறொன்றும் இல்லை. வரலாற்றுப் பாடத்தில் '1971 கிளர்ச்சி' என்று படிக்கிற பிள்ளை அந்தச் சொல்லை வேறு எப்படி விளங்கிக்கொள்ளும்? பிழை பிள்ளையில் இல்லை. ஒரு சொல்லுக்கு நேரே இன்னொரு சொல்லை வைத்துவிட்டு, இந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்த வழியால் நடந்து வந்தது என்று ஒரு வரி கூடச் சொல்லாத அகராதிகளைத்தான் நாங்கள் வருடக்கணக்காகப் பிள்ளைகளின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த இரவில்தான் 'ஒன்லைன் எட்டிமோலொஜி டிக்ஷனரி' என்ற இணைய அகராதிக்குள் ஒழுங்காகப் போனேன். 'எட்டிம்ஒன்லைன்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முன்பும் எட்டிப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் அடிவரை போனது அன்றைக்குத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. பெரிய ஒக்ஸ்ஃபோர்ட் அகராதி, க்ளைன், பார்ன்ஹார்ட் போன்றவர்களின் சொல்வரலாற்று அகராதிகள் எல்லாவற்றையும் வாசித்து, ஒப்பிட்டு, சாதாரண ஆட்களுக்கு விளங்கும்படி சுருக்கித் தந்திருக்கிறார். காசு கட்டத் தேவையில்லை, பதிவு செய்யத் தேவையில்லை. சொல்லைத் தட்டினால் பதில் வரும். பெரும்பாலும் எழுத்துத்தான் என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது. சிக்னல் இழுபடுகிற மழை நாளிலும் எனது பழைய போனில் திறந்தது. விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, 'த்ரில்' என்று தட்டினேன்.

பழைய ஆங்கிலத்தில் 'திரெல்' என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. அர்த்தம் ஓட்டை. வெறும் ஓட்டை, துளை, துவாரம். அதிலிருந்து 'திர்லியன்' என்ற வினைச்சொல், துளைத்தல். பிறகு நடுக்கால ஆங்கிலத்தில் உள்ளே இருந்த 'ர்' இடம் மாறிக் குதித்து 'திர்ல்' என்பது 'த்ரில்' ஆகிவிட்டது. (நாங்கள் தசையைச் சதை என்கிறோமே, அதே குதிப்புத்தான். பறவையைக் குறிக்கிற 'பேர்ட்' கூட ஒரு காலத்தில் 'ப்ரிட்' ஆகத்தான் இருந்தது.) 1300ஆம் ஆண்டளவிலும் அது துளைப்பதுதான், ஈட்டியோ அம்போ உடம்பைத் துளைப்பது. 1590களில்தான் உணர்ச்சி ஒன்று ஆளைத் துளைத்துக்கொண்டு போவதைச் சொல்ல அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள். 1670களில் அது பெயர்ச்சொல்லாகிறது: உடம்பு நடுங்குகிற, சிலிர்க்கிற அந்த உணர்வு. 'த்ரில்லர்' என்று நாங்கள் படங்களுக்குச் சொல்வது 1889 அளவில் வந்த சொல், போன மாதம் வந்தது மாதிரி.

அதோடு முடியவில்லை. 'நொஸ்ட்ரில்' என்ற சொல் இருக்கிறது அல்லவா, மூக்குத் துவாரம்? அதன் பழைய வடிவம் 'நோஸ்திர்ல்'. நோஸ் என்றால் மூக்கு, திர்ல் என்றால் அதே ஓட்டை. ஆக 'த்ரில்' என்ற சொல் ஒவ்வொருவர் முகத்திலும் இரண்டு தரம் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினேன். முதலில் ஒரு வட்டம் கீறினேன், அது ஓட்டை. பக்கத்தில் ஒரு அம்பு. பிறகு மூக்கு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். போன லீவுக்கு மூக்குக் குத்தின ஒரு பிள்ளை, இன்னும் அந்த இடம் சரியாக ஆறாமல் சிவந்திருந்தது, கையை உயர்த்திச் சொன்னாள்: "டீச்சர், பத்தர் குத்தக்குள்ள நோ பிறகுதான் வந்தது. முதல்ல உச்சந்தலை மட்டும் விறுவிறு எண்டு ஒண்டு ஏறினது. அதுவா த்ரில்?" அதேதான் மகள் என்றேன். அந்தப் பிள்ளை சொன்னதை விட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை, இந்த அகராதி உட்பட. ஆனால் இந்த அகராதி இல்லாவிட்டால் அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றியிருக்காது.

இதற்குப் பிறகு தமிழ்ச் சொல் தேடுகிற வேலை வந்தது, வகுப்பு முழுக்கச் சேர்ந்து தேடினோம். புல்லரிப்பு, மெய்சிலிர்ப்பு, மயிர்க்கூச்சு, புளகாங்கிதம் என்று வரிசையாக வந்தன. பார்த்தீர்களா, தமிழில் இவை எல்லாமே தோலில் நடக்கின்றன. உள்ளே ஏதோ நடந்து அது மேலே வந்து மயிர்க்காலில் நிற்கிறது. ஆங்கிலச் சொல்லோ வெளியிலிருந்து வந்து துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. இரண்டு பேரும் ஒரே சங்கதியை எதிர் எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். 'நெஞ்சைத் துளைத்தது' என்று எங்களிடமும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் துக்கத்துக்கு. சந்தோசத்துக்கு நாங்கள் துளைப்பதில்லை, எங்களுக்கு உச்சி குளிர்கிறது. இந்த வித்தியாசம் விளங்கின பிறகு எந்தப் பிள்ளையும் 'த்ரில்' என்பதற்குக் 'கிளர்ச்சி' என்று எழுதவில்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது வேர்ப் பக்கங்கள். ஒரு சொல்லின் அடியில், அது எந்த மூதாதை வேரிலிருந்து வந்தது என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் அந்த வேரிலிருந்து முளைத்த எல்லாச் சொற்களும் ஒரே இடத்தில் வரும். 'த்ரில்' சொல்லின் வேருக்குக் கடத்தல், ஊடே போதல், தாண்டுதல் என்று பொருள் போட்டிருந்தது. பிள்ளைகளாக யார் யார்? 'த்ரூ', அதாவது ஊடாக. 'நொஸ்ட்ரில்'. 'ட்ரான்ஸ்' என்று தொடங்குகிற முன்னொட்டு. அவற்றோடு, நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன், 'அவதார்'. எங்கள் அவதாரம்! 'அவ' என்றால் கீழே, 'தர' என்றால் கடத்தல்; கடந்து கீழே இறங்கி வருவது. மூக்கு ஓட்டையும் திருமாலின் அவதாரமும் ஒரே கிழங்கில் வெடித்த முளைகள் என்று எனக்கு இத்தனை வருடப் படிப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இந்த இடத்தில் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அதுதான் என்னை இந்த மதிப்புரையை எழுத வைத்தது. 'என்தூசியாசம்'. ஊக்கம், உற்சாகம், ஆர்வம் என்று எங்கள் அகராதிகள் சொல்லும். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற எல்லாரும் தங்களுக்கு அது இருப்பதாக எழுதுவார்கள். ஆனால் கிரேக்கத்தில் அது 'என்தெயோஸ்'. 'என்' என்றால் உள்ளே. 'தெயோஸ்' என்றால் தெய்வம். தெய்வம் உள்ளே வந்தவர். 'என்தூசியாஸ்மோஸ்' என்றால் தெய்வம் ஏறிய நிலை.

மட்டக்களப்பில் பிறந்த ஒருவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

எங்கள் பெரியம்மா சத்தம் போட்டுக் கதைக்க மாட்டா. கடைக்குப் போனால் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுகிற ஆள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், அம்மனைக் குளிர்விக்கிற கடைசிச் சடங்கான குளிர்த்திக்குள் ஒரு நாள் அவவுக்குத் தெய்வம் வரும். சின்ன வயதில் நான் அவவின் பக்கத்தில், பாயில், மடியோடு ஒட்டிக்கொண்டு இருப்பேன். உடுக்கு அடிக்கத் தொடங்கும்போது ஒன்றும் நடக்காது. பறைமேளம் சேர்ந்து வேகம் கூடும்போது முதலில் அவவின் கால் பெருவிரல் மணலைக் கிண்டும். பிறகு முன்னங்கையில் மயிர் எழும்பும், நான் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், சொரசொரவென்று வேப்பம் பட்டை மாதிரி இருக்கும். பிறகு மூச்சு. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து சுருங்கும். அதற்குப் பிறகு அவ பெரியம்மா இல்லை. எழும்பி, கொண்டை அவிழ, கையில் வேப்பிலையோடு கோயில் வீதியில் நடக்கிற அந்த ஆளை ஊரே கும்பிடும். சடங்கை நடத்துகிற கட்டாடியார் தண்ணி தெளித்து இறக்கின பிறகு, ஒன்றும் தெரியாத மாதிரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணி கேட்பா.

அந்த அகராதிப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த முன்னங்கை. துளைத்துக்கொண்டு ஒன்று வருகிறது, இறங்கி வருகிறது, உள்ளே இருக்கிறது. த்ரில், அவதார், என்தூசியாசம். மூன்று சொல்லும் அந்தக் கோயில் முற்றத்தில் எனக்கு முன்னாலேயே நடந்தவை. பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் கோயில் தீ மிதிப்பைப் பார்த்தவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது, அது மனதை வருத்தியது. 1650களில் இங்கிலாந்தில் 'என்தூசியாசம்' என்பது ஏச்சுச் சொல். கடவுள் தன்னிடம் நேரே பேசுகிறார் என்று சொல்லி உணர்ச்சிவசப்படுகிறவர்களை இகழ்ந்து சொல்வது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், 1716 அளவில், எந்த விசயத்திலும் உள்ள ஆர்வம் என்ற இன்றைய சாதுவான பொருளுக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் கிரேக்கரிடம் மரியாதையாக இருந்த சொல், நடுவில் அவமானப்பட்டு, பிறகு பல்லும் நகமும் போய் அலுவலகக் கடிதங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊரிலும் படித்தவர்கள் பலர் தெய்வம் ஆடுவதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டார்கள். பெரியம்மாவின் சொந்த மகனே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் அவவைக் கோயிலுக்குப் போக விடமாட்டார். எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஒரு சொல்லுக்கு நடந்தது ஒரு மனுசிக்கும் நடக்கிறது.

'எக்சைட்' என்ற சொல்லையும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். லத்தீனில் எழுப்புதல், வெளியே அழைத்தல். 'சினிமா' அதே வேரின் கிரேக்கப் பக்கத்துச் சொந்தக்காரி, இரண்டும் அசைவிலிருந்து வந்தவை. பிள்ளைகளுக்கு இது பிடித்தது, ஆனால் த்ரில் அளவுக்கு இல்லை.

இனிக் குறைகள். இருக்கின்றன, மறைக்க மாட்டேன்.

முதலாவது, அது எழுதப்பட்ட ஆங்கிலம் எங்கள் பிள்ளைகளுக்குக் கடினம். சுருக்கக் குறிகள் நிறைய. 'பி.ஐ.இ.' என்று அடிக்கடி வரும், அது ஆதி இந்தோ ஐரோப்பிய மொழியைக் குறிக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வேர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். எனது மாணவர் ஒருவர் அதைப் பரீட்சைக்கு முக்கியமான கேள்வி என்று நினைத்து மூன்று வேர்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கி வந்தார். உண்மையில் அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம், இந்த வடிவம் எந்த எழுத்திலும் கிடைக்கவில்லை, ஆய்வாளர்கள் ஒப்பிட்டு ஊகித்து எடுத்தது என்பது. இதை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் எவ்வளவு நல்லது.

இரண்டாவது, எழுத்து. பழைய ஆங்கிலத்தில் 'த்' ஒலிக்கு 'தோர்ன்' என்று ஒரு எழுத்து இருந்தது, நேரான தடிக்கு நடுவில் வயிறு வைத்த மாதிரி. அதை அப்படியே போடுகிறார்கள், அதுதான் சரியும் கூட, ஆனால் பிள்ளைகள் அதை 'ப்' என்று வாசித்துவிட்டு ஓட்டைக்கும் த்ரில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று முழிக்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பெரிய விசயம், ஆண்டுகள். ஒரு சொல்லுக்கு 1590கள் என்று போட்டால் சொல் அன்றைக்குப் பிறந்தது என்று எடுக்கக் கூடாது. இன்றுவரை கிடைத்த எழுத்துகளில் முதன்முதல் கண்டது அப்போது, அதுவும் ஏறத்தாழ. வாயில் எத்தனை காலம் புழங்கியது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தளமே இதைச் சொல்லியிருக்கிறது, ஆனால் ஆட்கள் அங்கே போய் வாசிப்பதில்லை.

வசனம் அமைக்க, உச்சரிப்புப் பார்க்க இது உதவாது. அதற்கு வேறு அகராதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நேர்மை இருக்கிறது: தெரியாத இடத்தில் மூலம் தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள். கதை கட்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் சொல் ஆராய்ச்சி என்ற பெயரில் உலகத்துச் சொல்லையெல்லாம் தமிழிலிருந்து வந்ததாகச் சொல்லி வட்ஸ்அப்பில் சுற்றுகிறவற்றை வாசித்துச் சலித்த எனக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

அப்புறம் தமிழுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இலேயே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல், திருத்திய பதிப்பு 1984இல். இவற்றை சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம், நான் தேடுகிறேன், 'துளை' என்று போட்டால் மலையாளத்திலும் கன்னடத்திலும் அதன் சகோதரங்கள் வருகின்றன. பெரிய உழைப்பு, கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் 'கிளர்ச்சி' என்ற சொல் எந்தக் காலத்தில் மேலெழும்புவதிலிருந்து மனக் கிளர்ச்சிக்கு வந்தது, எப்போது அரசுக்கு எதிராக எழும்புவதற்குப் போனது என்று ஆண்டு போட்டு ஒரு பிள்ளை போனில் வாசிக்கும்படி நாலு வரியில் சொல்கிற இடம் ஒன்றை இன்னும் காணவில்லை. விபுலானந்த அடிகளாரின் சமாதி இருக்கிற கல்லடி உப்போடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். தமிழில் கலைச்சொல் ஆக்க அவர் பாடுபட்டவர். யாராவது இளம் பிள்ளைகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழும் கணினியும் படிக்கிறவர்கள் சேர்ந்து, நூறு சொல்லுக்காவது இப்படி ஒன்று செய்தால் என்னால் முடிந்ததை நான் செய்வேன், மெய்யாகச் சொல்கிறேன்.

இப்போது செவ்வாய்தோறும் வகுப்பில் பத்து நிமிடம் இதற்கு. ஒரு பிள்ளை ஒரு சொல்லைத் தேடிக் கொண்டுவர வேண்டும். போன செவ்வாய் அமிர்தகழிப் பிள்ளையின் முறை. த்ரில் சொல்லின் வேர்ப் பக்கத்துக்கே திரும்பப் போய், நான் கவனிக்காமல் விட்ட ஒரு சொல்லை எடுத்திருந்தாள்: 'நெக்டர்'. கடையில் மாம்பழ நெக்டர் என்று போத்தலில் விற்கிறார்களே, அந்தச் சொல். கிரேக்கத் தேவர்களின் பானம். 'நெக்' மரணம், 'தர்' தாண்டுதல். மரணத்தைத் தாண்டச் செய்வது என்று பொருள் சொல்கிறார்கள். கரும்பலகையில் அதை எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'அமிர்தம்' என்று எழுதினாள். அ என்றால் இல்லை, மிருதம் என்றால் மரணம். பிறகு, "டீச்சர், எங்கட ஊருப் பேரும் இதுதானே" என்றாள்.

ஆடி அமாவாசைக்கு அவளுடைய அமிர்தகழியில் இருக்கிற மாமாங்கக் குளத்தில் தீர்த்தம் ஆடத் திரள்கிற சனத்தை நினைத்துக்கொண்டு, 'தீர்த்தம்' என்பதன் வடமொழி வேரும் கடத்தல்தான், அவதாரத்தில் இருக்கிற அதே தாது, என்று நான் சொன்னேன். அவள் அதையும் கீழே எழுதினாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பார்த்தால், எனது மேசையில் கழுவித் துடைத்த ஒரு வெறும் நெக்டர் போத்தல் இருந்தது. அதன் லேபிளில் அந்த ஒரு சொல்லைச் சுற்றி சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.